கண்ணும் காதுமாக இருந்த குன்று: சிக்னல் ஹில்லின் 300 ஆண்டுகள்

வட அட்லாண்டிக் கடலில் இருந்து செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்துக்குள் போக ஒரே ஒரு வாசல்தான் உண்டு. இரு பக்கமும் பாறைச் சுவர். நடுவே கப்பல் போகக்கூடிய தண்ணீர், மிக நெருக்கமான இடத்தில் சுமார் 60 மீட்டர் அகலம்தான். வெளியே கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் உள்ளே துறைமுகம் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். இந்த வாசலை உள்ளூர்க்காரர்கள் 'நேரோஸ்' என்கிறார்கள். இடுக்கு என்று பொருள். இடுக்கின் வடக்குப் பக்கம், கடலை ஒட்டி, 500 அடிக்கு மேல் எழும்பி நிற்கிறது ஒரு மொட்டைக் குன்று. அதுதான் சிக்னல் ஹில்.

கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவின் தலைநகரம் செயின்ட் ஜான்ஸ். கிரீன்லாந்தை விட்டுவிட்டுப் பார்த்தால் வட அமெரிக்காவின் கிழக்கு முனை இந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கேப் ஸ்பியர்தான். அதாவது ஐரோப்பாவில் இருந்து வருகிறவனுக்கு அமெரிக்கக் கண்டம் தொடங்குகிற இடம் இது. குன்றின் வரலாறு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் கிளம்புகிறது.

பள்ளிப் பாடத்தில் படித்த பலருக்கு இந்தக் குன்று ஒரு வரிச் செய்தியாக நினைவிருக்கலாம்: 1901இல் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த கம்பியில்லாத் தந்தியை மார்க்கோனி கேட்ட இடம். ஆனால் மார்க்கோனி அங்கே போய் இறங்குவதற்கு முன்பே கிட்டத்தட்ட 200 ஆண்டுகளாக அந்த உச்சியில் கொடியேற்றிச் சேதி சொல்லிக்கொண்டிருந்தார்கள். பீரங்கிகளும் இருந்தன, படை முகாம்களும் இருந்தன. அந்தக் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. கோட்டையாக இந்தக் குன்று செய்தது கொஞ்சம்தான். கடலைப் பார்த்து ஊருக்குச் சொல்வதுதான் அதன் உண்மையான வேலை. பீரங்கிகள் வந்தன, போயின. அந்த வேலை மட்டும் நிற்கவே இல்லை.

கருவாட்டுக்காக நடந்த சண்டை

இவ்வளவு குளிரும் மூடுபனியும் உள்ள ஒரு பாறைத் தீவுக்காக ஐரோப்பிய அரசுகள் ஏன் அடித்துக்கொண்டன? காட் மீனுக்காக. நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே உள்ள கிராண்ட் பேங்க்ஸ் என்ற ஆழமில்லாத கடற்பகுதியில் காட் மீன் அவ்வளவு மண்டிக் கிடந்தது. 16ஆம் நூற்றாண்டில் இருந்தே போர்ச்சுகல், பாஸ்க், பிரெஞ்சு, ஆங்கில மீனவர்கள் கோடைதோறும் இங்கே வந்தார்கள். பிடித்த மீனை அறுத்து, உப்பிட்டு, கரையில் மரப் பரண்கள் கட்டி அவற்றின் மேல் காயவைத்துக் கருவாடாக்கிக் கொண்டுபோனார்கள். நம் கடற்கரைகளில் மணலிலும் வலைமேலும் காயும் கருவாட்டின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல தரம் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனது. மட்டமான தரம் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனது. அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மனிதர்களுக்கு அதுதான் உணவு.

மீன் காயவைக்கக் கரை வேண்டும், கப்பல் ஒதுங்கத் துறைமுகம் வேண்டும். இரண்டும் இருந்த இடம் செயின்ட் ஜான்ஸ். 1583 ஆகஸ்டில் ஹம்ஃப்ரி கில்பர்ட் இந்தத் துறைமுகத்தில் நின்று, இது எலிசபெத் ராணிக்குச் சொந்தம் என்று அறிவித்தார். அறிவிப்பது எளிது, காப்பது வேறு. 1665இல் டச்சுத் தளபதி டி ரெய்ட்டர் கப்பற்படையோடு நேராகத் துறைமுகத்துக்குள் வந்து கொள்ளையடித்துவிட்டுப் போனார். தடுக்க ஆளில்லை.

வாசலைக் காத்தால் போதும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வலுத்தது. யோசனையில் தப்பே இல்லை. 60 மீட்டர் இடுக்கில் ஒரு கப்பல் நுழையும்போது இரு கரையிலும் நாலு பீரங்கி இருந்தால் அது தப்பிப்பது கடினம். வடகரையில் செயின் ராக் என்று ஒரு பாறை இருக்கிறது. எதிர்க்கரையில் இருக்கும் பேன்கேக் ராக் வரை தண்ணீருக்குக் குறுக்கே சங்கிலி போட்டு வாசலையே அடைத்துவிடுவார்கள். அந்தப் பாறையின் பெயரே அப்படி வந்ததுதான். கடல் வழியாக வருகிற பகைவனுக்கு இது சரியான ஏற்பாடு.

ஆனால் பகைவன் கடல் வழியாக வரவில்லை.

முதுகுப் பக்கம் திறந்த ஊர்

1696 நவம்பரில் பிரெஞ்சுத் தளபதி இபர்வில் தெற்கில் இருந்து பனிக்காலத்தில் காட்டு வழியே நடந்து வந்து செயின்ட் ஜான்ஸைப் பிடித்து எரித்தார். ஆங்கிலேயர் திரும்பி வந்து வில்லியம் கோட்டையைக் கட்டினார்கள். 1708 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்களின் தளமான பிளசென்ஷியாவில் இருந்து சேந்த்-ஒவிட் என்ற அதிகாரி ஒரு சிறு படையோடு தீவின் குறுக்கே நடந்தார். 1709 ஜனவரி 1 அன்று விடியும் முன் ஏணி வைத்துச் சுவரேறி அந்தக் கோட்டையையும் பிடித்தார். 1762 ஜூனில் மூன்றாவது முறை: பே புல்ஸ் என்ற ஊரில் இறங்கிய பிரெஞ்சுப் படை அங்கிருந்து நடந்தே வந்து ஊரை எடுத்துக்கொண்டது.

மூன்று முறையும் வாசல் பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி சும்மா நின்றன. கொல்லைப்புறக் கதவைத் திறந்து போட்டுவிட்டு முன்வாசலுக்கு மூன்று பூட்டுப் போட்ட வீடு மாதிரிதான் அந்த ஊர் இருந்திருக்கிறது. இதற்கு அந்தக் காலத்துத் தளபதிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. நியூஃபவுண்ட்லாந்தை லண்டன் ஒரு குடியேற்றமாகவே வெகுகாலம் மதிக்கவில்லை. கோடையில் போய் மீன் பிடித்துவிட்டுத் திரும்பும் இடம் என்றுதான் நினைத்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஊரைச் சுற்றி மதில் கட்டப் பணம் யார் தருவார்கள்?

1762இன் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குன்றுக்குப் பெயர் கிடைத்தது அப்போதுதான். அதுவரை அதை 'லுக்அவுட்' என்றே சொன்னார்கள். காவல் மேடு என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போர் முடியும் நேரம் அது. கனடாவைப் பிரெஞ்சுக்காரர்கள் இழந்துவிட்டார்கள். சமாதானப் பேச்சில் மீன்பிடி உரிமையைக் கேட்டு வாங்கக் கையில் ஏதாவது வேண்டும் என்பதற்காகத்தான் கடற்படைத் தளபதி டெர்னேயின் கப்பல்களில் படையை அனுப்பிச் செயின்ட் ஜான்ஸைப் பிடித்தார்கள்.

அதை மீட்க வந்தவர் லெஃப்டினன்ட் கர்னல் வில்லியம் ஆம்ஹர்ஸ்ட். வட அமெரிக்காவில் பிரிட்டிஷ் படைகளுக்குத் தலைமை வகித்த ஜெஃப்ரி ஆம்ஹர்ஸ்டின் தம்பி. அவரும் வாசல் பக்கம் போகவில்லை. செப்டம்பர் 13 அன்று வடக்கே டோர்பேயில் இறங்கி, கிடி விடி என்ற மீனவச் சிற்றூர் வழியாகத் தரைமார்க்கமாக வந்தார். குன்றின் மேல் பிரெஞ்சுக் காவல் இருந்தது. செப்டம்பர் 15 விடியற்காலையில் மெக்டோனல் என்ற கேப்டனின் தலைமையில் ஒரு பிரிவு செங்குத்தான பக்கமாக ஏறி அந்தக் காவலைத் திடீரென்று தாக்கியது. சண்டை நீண்ட நேரம் நடக்கவில்லை. உச்சி கைமாறியது.

உச்சி போனதும் எல்லாம் போனது. கீழே இருந்த வில்லியம் கோட்டை குன்றில் இருந்து பார்த்தால் திறந்த தட்டு மாதிரி தெரியும். ஆம்ஹர்ஸ்ட் சிறு பீரங்கிகளைக் கொண்டுவந்து சுடத் தொடங்கினார். செப்டம்பர் 18 அன்று பிரெஞ்சுத் தளபதி ஓசன்வில் சரணடைந்தார். அதற்குள் டெர்னே தன் கப்பல்களோடு மூடுபனியில் நழுவிவிட்டார். ஏழாண்டுப் போரில் வட அமெரிக்க மண்ணில் நடந்த கடைசிச் சண்டை இதுதான். ஆம்ஹர்ஸ்ட் குன்றுக்கு சிக்னல் ஹில் என்று பெயர் வைத்தார். போரில் வென்றவர், தன் பெயரையோ மன்னர் பெயரையோ வைக்காமல், அந்தக் குன்று அன்றாடம் செய்துவந்த வேலையின் பெயரையே அதற்கு வைத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அடுத்த ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்சுக்கு செயின்ட் பியர், மிக்கலோன் என்ற இரண்டு குட்டித் தீவுகள் கிடைத்தன. நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையை ஒட்டி இருக்கும் அவை இன்றும் பிரான்சுக்குத்தான் சொந்தம்.

கூடாரங்களும் பீரங்கிகளும்

1762 ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது: குன்று யாரிடமோ ஊர் அவரிடம். ஆனால் அந்தப் பாடத்தைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுத 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பிரெஞ்சுப் புரட்சிப் போர்கள் தொடங்கிய பிறகுதான் உச்சியிலும் சரிவிலும் வேலை மும்முரமானது. இடுக்கைப் பார்த்தபடி இன்றும் நிற்கும் குயின்ஸ் பேட்டரி என்ற பீரங்கி மேடை 1796ஐச் சேர்ந்தது.

அதே 1796 செப்டம்பரில் பிரெஞ்சு அட்மிரல் ரிஷேரி பெரிய கப்பற்படையோடு வெளியே வந்து நின்றார். ஊரில் இருந்த வீரர்கள் குறைவு. ஆளுநர் ஜேம்ஸ் வாலஸ் சங்கிலியை ஏற்றச் சொன்னார். பிறகு கையில் கிடைத்த ஆண்களையெல்லாம் குன்றுகளின் மேல் அனுப்பி, கடலில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வரிசையாகக் கூடாரங்களை அடிக்கச் செய்தார். தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு உச்சி முழுக்கப் படை முகாமிட்டிருப்பது போலத் தெரியும். ரிஷேரி சில நாள் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே விலகினார். கோபத்தைத் தெற்கே பே புல்ஸ் மேல் காட்டினார். அந்த ஊர் எரிந்தது. செயின்ட் ஜான்ஸ் பிழைத்ததில் நாம் மகிழ்கிறபோது பே புல்ஸ் மீனவக் குடும்பங்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கோட்டை இருந்த ஊருக்குப் பதில் கோட்டை இல்லாத ஊர் அடி வாங்கியது.

சிக்னல் ஹில்லின் படை வரலாற்றில் அது ஊரைக் காப்பாற்றிய நாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்த நாளைத்தான் சொல்ல வேண்டும். அன்று வேலை செய்ததும் குண்டு அல்ல. கடலுக்குத் தெரியும்படி காட்டிய காட்சிதான். ஒரு வகையில் கூடாரங்களும் ஒரு சிக்னல்தானே!

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குன்றையே ஊரின் முதன்மைக் கோட்டையாக்கத் திட்டம் போட்டார்கள், முகாம்கள் எழுந்தன, இடிந்தன, மறுபடி எழுந்தன. மரமில்லாத உச்சியில் அட்லாண்டிக் காற்றும் பனியும் வீரர்களைப் பகைவனைவிட அதிகமாக வதைத்தன. 1812இல் அமெரிக்காவோடு போர் மூண்டபோதும் யாரும் தாக்க வரவில்லை. 1870இல் பிரிட்டிஷ் படை மொத்தமாகக் கிளம்பியது. காலியான கட்டடங்கள் தொற்றுநோய் மருத்துவமனைகளாயின. ஊருக்கு வெளியே, காற்றோட்டமான உயரத்தில், மக்களிடம் இருந்து தள்ளி இருந்த இடம் அதற்குத்தான் தோதாகப் பட்டது.

கொடிமரம் சொன்ன சேதி

படை போனது. கொடிமரம் போகவில்லை. 1704இலேயே இந்தக் குன்றில் கொடிச் சிக்னல் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது தொடர்ந்தது. ஒரே இடத்தில் ஒரே வேலை 250 ஆண்டு நடந்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

ஊர் துறைமுகத்தின் உள்ளே, குன்றுகளுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. அங்கே தண்ணீர்க்கரையில் நிற்பவருக்கு இடுக்குக்கு அப்பால் கடலில் என்ன வருகிறது என்று தெரியாது. உச்சியில் நிற்பவருக்கு அடிவானம் வரை தெரியும். கண்ணளவு உயரம் 500 அடி என்றால் கடல் அடிவானம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். உயரமான பாய்மரம் அதற்கும் அப்பால் இருந்தே தலைகாட்டும். கப்பல் துறைமுகம் சேரச் சில மணி நேரம் முன்பே காவலாளி அதைப் பார்த்துவிடுவார். எந்த வகைக் கப்பல், எந்தத் திசையில் இருந்து வருகிறது என்பதைக் கொடியேற்றிக் காட்டுவார். போர்க்காலத்தில் இது எச்சரிக்கை. சமாதானக் காலத்தில் இது வியாபாரம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செயின்ட் ஜான்ஸின் ஒவ்வொரு பெரிய வணிக நிறுவனத்துக்கும் சொந்தக் கொடி ஒன்று இருந்தது. வருவது யாருடைய கப்பல் என்று தெரிந்ததும் அந்தக் கொடி குன்றில் ஏறும். கீழே வாட்டர் ஸ்ட்ரீட்டில் இருந்த முதலாளி தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். தோணித்துறையைத் தயார் செய்யலாம், கூலியாட்களைக் கூப்பிடலாம். முதலாளிக்கு அது கணக்கு. அந்தக் கப்பலில் போன ஆளின் மனைவிக்கு அது வேறு விஷயம். வசந்தகாலத்தில் மிதக்கும் பனிப்பாளங்களுக்கு நடுவே சீல் வேட்டைக்குப் போன கப்பல்கள் திரும்பும் நாட்களில் ஊரே அந்தக் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடலுக்குப் போனவன் கரை திரும்பும்வரை வாசலில் நிற்கும் வழக்கம் தெரிந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் காது. செயின்ட் ஜான்ஸில் ஆண்டில் நூறு நாட்களுக்கு மேல் மூடுபனி உண்டு. அப்போது கொடியால் பயனில்லை, பீரங்கிச் சத்தம்தான் சேதி. நண்பகலுக்கு வெடிக்கும் பீரங்கி ஊருக்கும் கப்பல்களுக்கும் கடிகாரமாக இருந்தது. அந்த நண்பகல் வெடி இன்றைக்கும் மரபாகத் தொடர்கிறது.

கேபட் கோபுரம் எழுந்ததும் இந்தக் கொடி வேலையை ஒட்டித்தான். கடலோடி ஜான் கேபட் 1497இல் இந்தக் கரையைக் கண்டதாகச் சொல்லப்படுவதன் 400ஆம் ஆண்டும், விக்டோரியா ராணியின் வைர விழாவும் சேர்ந்து வந்த 1897 ஜூன் 22 அன்று அடிக்கல் நாட்டினார்கள். நேரம் நல்ல நேரமில்லை. 1892 ஜூலையில் ஊரின் பெரும்பகுதி தீயில் போயிருந்தது. 1894 டிசம்பரில் உள்ளூர் வங்கிகள் கவிழ்ந்து மக்களின் சேமிப்பும் போயிருந்தது. அந்த நிலையிலும் கட்டி 1900இல் திறந்தார்கள். குன்றைப் போலவே சிவந்த மணற்கல்லில் கட்டிய குட்டையான, தடித்த கோபுரம். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காற்றுக்கு அப்படித்தான் கட்ட வேண்டும். அதன் மேல்தான் பிறகு சிக்னல் கொடிகள் ஏறின.

பட்டத்தில் கட்டிய கம்பி

மார்க்கோனி 1901 டிசம்பர் 6 அன்று வந்து சேர்ந்தார். கெம்ப், பேஜெட் என்று இரண்டு உதவியாளர்கள், கொஞ்சம் பலூன்கள், பட்டங்கள். அவரது முதல் திட்டம் இதுவல்ல. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் போல்டூ என்ற இடத்திலும், அமெரிக்காவின் கேப் காட்டிலும் பெரிய கம்பங்களை வட்டமாக நட்டு இரு முனைகளையும் இணைக்க நினைத்திருந்தார். செப்டம்பரில் போல்டூவின் கம்பங்களைப் புயல் சாய்த்தது. நவம்பரில் கேப் காட்டிலும் அதே கதை. போல்டூவில் அவசரமாக ஒரு சிறிய அமைப்பைக் கட்டிவிட்டு, இருப்பதிலேயே குறுகிய தூரத்தைத் தேடினார். நியூஃபவுண்ட்லாந்து கிடைத்தது. தூரம் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர்.

ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது, அதைத் திருத்திவிட வேண்டும். மார்க்கோனி சிக்னலைக் கேட்டது கேபட் கோபுரத்தில் அல்ல. பக்கத்தில் இருந்த, படை முகாமாக இருந்து தொண்டை அடைப்பான் நோய்க்கான மருத்துவமனையாக மாறிய ஒரு பழைய கட்டடத்தில். அது 1920இல் எரிந்து போனது. அதனால்தான் நிமிர்ந்து நிற்கும் கோபுரம் அந்தப் புகழையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

கம்பம் நட நேரமில்லாததால் ஏரியல் கம்பியைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டார்கள். முதலில் ஏற்றிய பலூனைக் காற்று அறுத்துக்கொண்டு போனது. டிசம்பர் 12 அன்று முதல் பட்டமும் போனது. இரண்டாவது பட்டம் சுமார் 500 அடி கம்பியோடு மேலே நின்றது, ஆனால் நிலையாக நிற்கவில்லை. ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தது. போல்டூவுக்குக் கடலடித் தந்தி மூலம் முன்பே சொல்லியிருந்தார்: தினமும் குறித்த மணி நேரத்தில் மோர்ஸில் 'எஸ்' எழுத்தை, அதாவது மூன்று புள்ளிகளை, திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். உள்ளூர் நேரம் நண்பகல் 12:30 வாக்கில் தொலைபேசிக் கேட்பொறியைக் காதில் வைத்திருந்த மார்க்கோனி மூன்று சிறு சொடுக்குகளைக் கேட்டதாகச் சொன்னார். கெம்பிடம் கொடுத்து, உனக்குக் கேட்கிறதா என்று கேட்டார். கேட்கிறது என்றார் கெம்ப்.

அன்று பயன்பட்ட உணர்கருவியில் இந்தியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இத்தாலியக் கடற்படை அதிகாரி லூயிஜி சொலாரி மூலம் மார்க்கோனிக்குக் கிடைத்த பாதரசக் கருவி அது. பாதரசமும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடத்தை வைத்து மின்காந்த அலையை உணர்ந்து, அதைத் தொலைபேசிக் கேட்பொறியில் கேட்கும் முறையை ஜகதீஷ் சந்திர போஸ் 1899இலேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் விவரித்திருந்தார். யார் யாரிடம் இருந்து எடுத்தார் என்ற விவாதம் நீளமானது. முன்னால் அச்சில் வந்தது எது என்பதில் விவாதம் இல்லை.

சரி, மார்க்கோனி உண்மையிலேயே கேட்டாரா? இந்தக் கேள்வி அன்றே எழுந்தது, இன்னும் ஓயவில்லை. காகித நாடாவில் பதிவு இல்லை; கேட்டது இரண்டே பேரின் காது, அதுவும் என்ன வரும் என்று முன்பே தெரிந்த காது. மேலும் அது பகல் நேரம். போல்டூ அனுப்பியதாகக் கருதப்படும் நடுத்தர அலைகளைப் பகல் வெளிச்சத்தில் வளிமண்டலத்தின் கீழ் அயனிப் படலம் உறிஞ்சிவிடும். இரவில்தான் அவை மேலே உள்ள படலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். அந்தப் படலம் இருக்கலாம் என்று கென்னலியும் ஹெவிசைடும் 1902இல்தான் சொன்னார்கள். ஆப்பிள்டன் சோதனையால் நிறுவியது 1924இல். ஆகவே 1901இல் மார்க்கோனிக்கு ஏன் பகல் மோசம், ஏன் இரவு நல்லது என்று தெரிந்திருக்க வழியில்லை. மின்பொறி தெறிக்கவைத்து அலையை அனுப்பியதால் நீளம் குறைந்த சிற்றலைகளும் கலந்து போயிருக்கலாம், அவைதான் கடல் தாண்டியிருக்கும் என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள்.

என் கருத்து இது: சந்தேகம் நியாயமானது, அதை மறைத்து விழா எடுக்கத் தேவையில்லை. இரண்டே மாதத்தில், 1902 பிப்ரவரியில், ஃபிலடெல்ஃபியா என்ற கப்பலில் பயணித்தபடி மார்க்கோனி போல்டூ சிக்னலை நாடாவிலேயே பதிவு செய்து காட்டினார். இரவில் 'எஸ்' எழுத்து 2,000 மைலுக்கு மேல் எட்டியது, பகலில் 700 மைல் அளவில் நின்றுபோனது. அந்தப் பகல் அளவைப் பார்த்தால் சிக்னல் ஹில் நண்பகல் சந்தேகம் கூடுகிறது. ஆனால் கம்பியில்லாமல் கடல் தாண்ட முடியும் என்று உலகம் நம்பத் தொடங்கியது அந்தக் குன்றில் இருந்துதான். அந்த நம்பிக்கை பணத்தையும் ஆட்களையும் இழுத்து வந்தது.

நியூஃபவுண்ட்லாந்துக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை என்பது வருத்தமான விஷயம். 1866இல் அட்லாண்டிக்கின் குறுக்கே போட்ட கடலடித் தந்திக் கம்பி இந்தத் தீவின் ஹார்ட்ஸ் கன்டென்ட் என்ற ஊரில்தான் கரையேறியது. தீவில் தந்தி நடத்தும் 50 ஆண்டுத் தனியுரிமை 1854இல் வேறொரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டு, பின்னர் ஆங்கிலோ-அமெரிக்கன் தந்தி நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. மார்க்கோனி அறிவித்த சில நாளில் நிறுவனம் வழக்குப் போடுவோம் என்று எச்சரித்தது. அவர் கருவிகளைக் கட்டிக்கொண்டு நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார். நிலையம் அங்கே கிளேஸ் பேயில் எழுந்தது. தனியுரிமை முடிய மூன்றே ஆண்டுகள்தான் பாக்கி இருந்தன.

மறுபடி போர், அப்புறம் பூங்கா

இரண்டாம் உலகப் போரில் குன்று மீண்டும் ஆயுதம் தரித்தது. அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குத் துணைபோகும் போர்க்கப்பல்களுக்கு செயின்ட் ஜான்ஸ் 1941இல் தளமானது. இடுக்கின் குறுக்கே, பழைய சங்கிலி இருந்த இடத்தில், நீர்மூழ்கிகளைத் தடுக்கும் வலை வந்தது. 1942 மார்ச் 3 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி யு-587 வாசலை நோக்கி டார்பிடோக்களை ஏவியது. அவை பாறையில் மோதி வெடித்தன. 17ஆம் நூற்றாண்டு யோசனை 20ஆம் நூற்றாண்டிலும் செல்லுபடியானது என்பது நேரோஸின் அமைப்புக்குக் கிடைத்த சான்று.

1949இல் நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்தது. சில ஆண்டுகளில் குன்று தேசிய வரலாற்றுச் சின்னமானது. அடிவாரத்தில் பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கும் 'பேட்டரி' என்ற மீனவக் குடியிருப்பின் பெயரில்தான் பழைய பீரங்கி மேடை இன்னும் பேசப்படுகிறது. அதன் வண்ண வீடுகளைப் படம் எடுக்க வருகிறவர்கள் அதிகம். 1959 பிப்ரவரியில் குன்றில் இருந்து சரிந்த பனி அந்த வீடுகளின் மேல் விழுந்து 5 பேரைக் கொன்றது என்பதையும் அங்கே போகிறவர்கள் தெரிந்துகொண்டால் நல்லது.

தமிழர்களுக்கும் இந்த வாசலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1986 ஆகஸ்ட் 11 அன்று, நியூஃபவுண்ட்லாந்தின் தென்கோடியில் செயின்ட் ஷாட்ஸ் ஊருக்கு அப்பால் மூடுபனிக் கடலில் இரண்டு திறந்த உயிர்காப்புப் படகுகளில் 155 பேர் மிதந்துகொண்டிருந்தார்கள். இலங்கைப் போரில் இருந்து தப்பி, மேற்கு ஜெர்மனி வழியாக வந்த ஈழத் தமிழர்கள். அவர்களை ஏற்றி வந்த சரக்குக் கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அவர்கள் தத்தளித்த இடம் சிக்னல் ஹில் உச்சியில் இருந்து எந்தக் காவலாளிக்கும் தெரிந்திருக்காது. கண்டுபிடித்தது ஒரு மீன்பிடிப் படகு. அதன் கேப்டன் உடனே வானொலிக் கருவியில் சேதி சொன்னார். அருகில் இருந்த மற்றப் படகுகளும் கடலோரக் காவல் கப்பலும் வந்து சேர்ந்தன. 155 பேரும் கரையேறியது செயின்ட் ஜான்ஸில். நேரோஸ் இடுக்கின் வழியாக, வலப்பக்கம் அந்தக் குன்றும் அதன் மேல் செங்கல்லின் நிறத்தில் நின்ற கோபுரமும் கடந்து போக, அவர்கள் உள்ளே வந்தார்கள். ஊர்க்காரர்கள் உடையும் உணவும் கொண்டுவந்தார்கள். மெமோரியல் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியில் தங்க இடம் கிடைத்தது. பின்னர் பெரும்பாலோர் டொரன்டோவுக்கும் மான்ட்ரியாலுக்கும் போனார்கள். 30 ஆண்டு கழித்து, 2016இல், அவர்களில் சிலர் தங்களைக் காப்பாற்றிய கேப்டனைப் பார்க்க மறுபடி அந்தக் கரைக்கு வந்தார்கள்.